குணசேகரனின் ஐந்தாவது ரிசல்ட்

போன மாதம் எனக்கே ரத்தம் எடுத்தார்கள். வயது அறுபத்தாறு. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த மாத்திரை ஈரலைத் தொடுகிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் பஸ் பிடித்து வீடு வந்து சேருவதற்குள் ரிசல்ட் போனுக்கு வந்துவிட்டது. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. அதற்குக் கீழே கணினி தானாகவே ஒரு வரி எழுதியிருந்தது: மது அருந்துவதைத் தவிர்க்கவும்.

கிறிஸ்துமஸ் கேக்கில் ஊற்றியிருக்கும் ரம்மைத் தவிர என் வயிற்றுக்குள் சொட்டு சாராயம் போனதில்லை. முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகிய கவிதாதான் இப்போது அந்த லேப்பின் பொறுப்பாளர். போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன்.

"அக்கா, அத சிஸ்டம் தானா போடுதுக்கா. நாங்க என்ன பண்றது?" என்றாள். "நீங்களே ஒருநா வந்து புதுப் பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்லுங்களேன்."

"மேடையில ஏறிப் பேசறதெல்லாம் என்னால ஆகாதுலா. எழுதித் தர்றேன். படிக்கச் சொல்லு."

அப்படி எழுத உட்கார்ந்ததுதான் இது. பெருமை அடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது. முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேருடைய நோயை நான் முதலில் கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் அதையெல்லாம் படித்து அந்தப் பிள்ளைகளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

என் படிப்புக் கதையில் நீட்டுவதற்கு ஏதுமில்லை. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தமிழ்ப்பள்ளி, பிறகு டவுனில் இடைநிலைப்பள்ளி, கோலாலம்பூரில் லேப் பயிற்சி, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழு வருடம். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்ததும் ஒரு தனியார் லேப்பில் சேர்ந்தேன். அது தொண்ணூறுகளின் தொடக்கம். கிளினிக்குகள் அனுப்பும் ஆட்களுக்கு ரத்தம் எடுப்பது, சோதிப்பது, தாளில் அடித்துக் கொடுப்பது. நர்ஸைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் என்னை "மிஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் வருடம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். என் அப்பா சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தே செத்தார். அப்போது நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு படித்துக்கொண்டிருந்தேன். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, கால் இரண்டும் குச்சியாகி, பார்க்க முடியாது. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா அதைத் துப்பிவிட்டுச் சம்சு கேட்டார். அன்றைக்கே குடிகாரன் என்றால் எனக்கு ஆகாமல் போய்விட்டது. கவுண்டரில் வந்து நிற்கும் ஆளின் கண்ணைப் பார்த்தே இவன் குடிப்பவன், இவன் குடிக்காதவன் என்று மனசுக்குள் பிரித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

லேப்பின் தலைவர் மொய்தீன் சார். தெங்கேராவில் வீடு. அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் துணிக்கடையில் உட்கார, இவர் மட்டும் லேப்புக்கு வந்தவர். என்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர், ஆனால் நடப்பதும் பேசுவதும் எழுபது வயதுக்காரர் மாதிரி. அவசரமே கிடையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அது ஒரு வகையில் எரிச்சலாகக்கூட இருக்கும்.

ரத்தத்தை எடுத்தவுடன் சோதிக்க முடியாது. உறைய விட வேண்டும். அரை மணி கழித்துச் சுழலும் இயந்திரத்தில் போட்டால் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில்தான் சோதனை. மற்ற லேப்புகளில் அந்த நீரை நேராக மெஷினில் வைத்துவிடுவார்கள். மொய்தீன் சார் விடமாட்டார். ஒவ்வொரு குழாயையும் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வைக்கோல் நிறமாக இருந்தால் சரி. ரோஜா நிறம் தட்டினால் எடுக்கும்போதே ரத்தம் உடைந்துவிட்டது, மறுபடி எடு. பால் மாதிரி கலங்கியிருந்தால் ஆள் வழியில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டு வந்திருக்கிறான், போய் விசாரி.

மெஷினிலிருந்து வரும் எண்களை நேராகத் தாளில் அடிக்கவும் கூடாது. மாதாமாதம் வருகிற ஆட்களுக்கு ஓர் அட்டை உண்டு. அதில் முதலில் பென்சிலால் எழுத வேண்டும். போன மாதத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவந்தால்தான் பேனா. சோதித்து மிஞ்சிய நீரை ஏழு நாள் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிர்ப்பெட்டி எப்போதும் நிரம்பி வழியும், என் மதியச் சாப்பாட்டை வைக்க இடமே இருக்காது. இதற்காக அவரிடம் நான் பிடித்த சண்டைகள் கொஞ்சமா.

கவுண்டருக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். தாளைக் கொடுக்கலாம். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லலாம். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது.

"நம்ம வேலை எண்ணு மட்டும்தாம்மா ராஜி. கதை எழுதற வேலை நமக்குக் கெடையாது" என்பார்.

பத்மா முதன்முதலாக வந்தது ஒரு செப்டம்பர் மாதத்தில். முப்பது முப்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, கையில் டாக்டர் எழுதிய பாரம், அதாவது சோதனைச் சீட்டு. பின்னாலேயே அவள் புருஷன் குணசேகரன், பெரிய உருவம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். புலாவ் செபாங் பக்கம் ஓர் எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டுகிறவன். கம்பெனி கொடுத்த வீட்டில் அவன் மட்டும் இருந்தான். குடி பொறுக்காமல் பத்மா இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜாசினில் அக்காள் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது.

நான் அவன் கையில் ரப்பரைக் கட்டும்போது பத்மா நேராக என்னிடமே சொன்னாள்.

"மிஸி, இந்த மனுசன் மூணு தடவ சாமிக்கு முன்னால கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணாரு. மூணு தடவையும் ஒரு வாரம் தாங்கல. இனிமே சாமிய இதுல இழுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். டாக்டரு ரத்தத்துல தெரியும்னாரு. மாசம் ஒண்ணு, ஆறு மாசம். ஆறும் நல்லா வந்தா புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன். ஒண்ணு கெட்டாலும் ஜொகூர்ல அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அங்க ஃபேக்டரியில வேல இருக்கு."

குணசேகரன் கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. என் அம்மாவுக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

ஈரல் பரிசோதனை என்பது ஒரே ஓர் எண் அல்ல. அன்றைக்கு நாங்கள் முக்கியமாகப் பார்த்தவை மூன்று. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., காமா ஜி.டி. ஈரல் அடிபட்டால் முதல் இரண்டும் ரத்தத்தில் கசிந்து ஏறும். குடிக்கிறவர்களுக்கு அந்த இரண்டில் முதலாவது, இரண்டாவதைவிட நன்றாக முந்தி நிற்கும். மூன்றாவதான காமாவும் அவர்களுக்கு எக்கச்சக்கமாக ஏறும். குடியை விட்டால் அது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும்.

குணசேகரனின் முதல் மாதக் கணக்கு இது: நூற்றுத் தொண்ணூறு, எண்பத்தைந்து, நானூற்று இருபது. அப்பாவின் ரத்தத்தை அந்தக் காலத்தில் யாராவது பார்த்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் மாதம் மூன்றும் இறங்கின. மூன்றாம் மாதம் இன்னும் இறங்கின. நான்காம் மாதம் நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. முதல் இரண்டும் ஏறக்குறைய சாதாரண அளவுக்கு வந்துவிட்டன, காமா மட்டும்தான் பாக்கி. பத்மா ஜாசினிலிருந்து பஸ் ஏறி வந்து தாளை வாங்கி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவாள். நான்காவது தாளை வாங்கியபோது முதல் தடவையாகச் சிரித்தாள். சின்னவள் அப்பா எப்ப வருவாரென்று கேட்க ஆரம்பித்துவிட்டாள் என்றாள்.

ஐந்தாம் மாதம் குணசேகரன் ஒரு வியாழக்கிழமை தனியாக வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. குரல் கட்டிப்போய்க் காற்றாக வந்தது. ஆள் ஒரு சுற்று இளைத்து, நாலைந்து நாள் தாடியோடு இருந்தான். ஊசி குத்தும்போது உட்கார்ந்த இடத்தில் நெளிந்தான். "தூங்கலையா?" என்றேன். "லோங் ட்ரிப் மிஸி" என்றான். சரிதான், மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று நான் அப்போதே மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். மெஷின் அப்புறம்தான் ஓடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை எண்கள் வந்தன. நூற்று எழுபத்தாறு, எழுபத்தொன்று, அறுபத்து நான்கு. முதல் எண் இரண்டாவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். குடிகாரனின் கையெழுத்து என்று நாங்கள் படித்தது இதைத்தான். பென்சிலால் அட்டையில் எழுதி மொய்தீன் சாரிடம் நீட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூன்றாவது எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

"டாக்டர் எப்ப வர்றாரு?"

"மகளப் பாக்க ஆஸ்திரேலியா போயிருக்காரு சார். இன்னும் பத்து நாளு ஆகும். கிளினிக்கும் பூட்டு."

"அப்ப இது இங்கேயே இருக்கட்டும். தொழுதுட்டு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜும்மாவுக்குப் போனார்.

அவர் போன கால் மணி நேரத்தில் பத்மா வந்து நின்றாள். ரிசல்ட் இன்னும் ஆகவில்லை, திங்கட்கிழமை வாங்க என்று சொல்லியிருந்தால் போதும். எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் இந்தப் பெண்ணை இன்னும் மூன்று நாள் எதற்காக ஏமாற்ற வேண்டும் என்று ஒரு வீம்பு. தாளை அடித்தேன், கொடுத்தேன்.

அவளுக்கு அந்த எண்கள் இப்போது பழக்கமாகியிருந்தன. முதல் வரியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"மிஸி, இது என்னா இப்படி ஏறியிருக்கு?"

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"டாக்டரு இல்லியே. நீங்க சொல்லுங்க மிஸி. குடிச்சிருக்காரா?"

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"மனுசன் பொய் சொல்வான் பத்மா. ரத்தம் பொய் சொல்லாது" என்றேன்.

அவள் அழவில்லை. நாலாக மடித்தாள், பைக்குள் வைத்தாள், "தேங்க்ஸ் மிஸி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு என்னவோ அவளை ஆற்றிலிருந்து இழுத்துக் கரையேற்றிவிட்டதுபோல ஒரு திருப்தி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தொழுகை முடிந்து வந்த மொய்தீன் சார், தாள் போய்விட்டது என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அட்டையை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நான் பேசிய பேச்சை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதியம் குணசேகரன் வந்தான். லோரியைத் தூரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்திருப்பான் போல, சட்டை நனைந்திருந்தது. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

"மிஸி, இன்னொரு தடவ எடுத்துப் பாருங்களேன். காசு நான் கட்டிடறேன்."

"எதுக்கு? ஆறு மாசம் ஒழுங்கா இருக்க முடியல இல்ல? இன்னொரு தடவ எடுத்தா மட்டும் மாறிடுமா?"

"நான் குடிக்கல மிஸி."

"அப்ப ரத்தத்துல ஆகாசத்துலேர்ந்தா வந்து எறங்குச்சு?"

அவன் கோபப்பட்டு என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "புதன்கெழம பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டா. இன்னிக்குக் காலையில புள்ளைங்க ஸ்கூல்ல வேற எடம் மாறிப்போற லெட்டரும் வாங்கிட்டாளாம்" என்று அந்தக் கட்டிய குரலிலேயே சொல்லிவிட்டு எழுந்தான். கதவுப் பக்கம் திரும்பியபோதுதான் அவன் முதுகைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையின் நடுவில் வேர்வை ஈரத்துக்குள்ளே தனியாக ஒரு கறை, பழுப்பும் மஞ்சளுமாக.

"நில்லுங்க. முதுகுல என்ன?"

"ஒண்ணுமில்ல மிஸி. புண்ணு."

"என்ன புண்ணு? சட்டையத் தூக்குங்க."

ரத்தம் எடுக்கும் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தேன். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் பொருக்குகள், திருநீறு அப்பிக் காய்ந்துபோய். நடுவில் ஒன்று மட்டும் ஆறாமல் சீழ் பிடித்திருந்தது. என் இரண்டு அண்ணன்களும் காவடி எடுத்தவர்கள். கொக்கி குத்திய முதுகு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எப்ப?"

"பூசத்துக்கு. பத்துமலையில. தேர் இழுத்துட்டு, காவடியோட படியேறுனேன்."

தைப்பூசம் செவ்வாய்க்கிழமை. அவன் ரத்தம் கொடுத்தது வியாழக்கிழமை.

"இதுக்கு முன்னால எடுத்திருக்கீங்களா?"

"இல்ல மிஸி. இதான் மொத தடவ. லோரியில உக்காந்தே இருக்கறவன், படியேறி முடிக்கறதுக்குள்ள உசிரு போயிடுச்சு. ரெண்டு நாளு கை கால அசைக்க முடியல."

"பத்மாகிட்ட ஏன் சொல்லல?"

"எப்படி மிஸி சொல்றது? சாமிய இழுக்காதேன்னு சொல்லிட்டா. காவடி எடுக்கறேன்னா மறுபடியும் ஆரம்பிச்சுட்டியான்னு கேப்பா. அஞ்சு மாசம் தொடாம இருந்தேன், அதுக்கு முருகனுக்குச் செய்யணும்னு தோணுச்சு. ஆறாவது கடுதாசியும் வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்ப சொன்னா தப்பிக்கறதுக்கு சாமியப் புடிச்சிக்கிட்டேன்னுதான் நெனைப்பா."

 எஸ்.ஜி.ஓ.டி. ஈரலில் மட்டும் இருப்பதல்ல. தசையிலும் இருக்கிறது. பழக்கமில்லாத உடம்பு பெரும் பாரத்தைத் தூக்கித் தேரையும் இழுத்தால் தசை நார் கிழியும், அதிலிருந்தும் இதே பொருள் ரத்தத்தில் கசியும். முதல் வருடப் பாடம் அது. காமா தசையில் கிடையாது. அவனுடைய காமா தொண்ணூற்றாறிலிருந்து அறுபத்து நான்குக்கு இறங்கியிருந்தது. குடித்திருந்தால் இறங்குமா? மொய்தீன் சார் கேள்விக்குறி போட்டது அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான். அதை நான் பார்த்தேன், பார்த்தும் படிக்கவில்லை. எனக்கு வேண்டிய எண் முதலிலேயே கிடைத்துவிட்டது.

தசை உடைந்திருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல ஒரு சோதனை உண்டு, சி.கே. என்று பெயர். மாரடைப்பு சந்தேகம் வந்தால் செய்வோம். இப்போது புதிதாக ரத்தம் எடுத்தால் ஆறு நாளில் பாதிக்கு மேல் வடிந்து போயிருக்கும். ஆனால் வியாழக்கிழமைக் குழாய் ஏழு நாள் பெட்டியில் இருந்தது. குணசேகரனை உட்காரச் சொல்லிவிட்டு மொய்தீன் சாரிடம் ஓடினேன்.

"டாக்டர் பாரம் இல்லாம டெஸ்ட் கெடையாதும்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"சார், அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒண்ணு சொல்லிட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொன்ன? ஒரு வார்த்த விடாம சொல்லு."

சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் எழுந்து குளிர்ப்பெட்டிக்குப் போனார். குழாயைத் தானே தேடி எடுத்து, ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு மெஷினில் வைத்தார்.

மெஷினால் அளக்க முடியவில்லை. எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகள் வந்தன. பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி வைத்தார். நாலாயிரத்து எண்ணூறு சொச்சம். சாதாரண ஆளுக்கு இருநூறைத் தாண்டக் கூடாது.

பக்கத்தில் நின்று அழுதுவிட்டேன். வேலை செய்யும் இடத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் அழுததில்லை.

"இத டாக்டர்தான் சொல்லணும்" என்றார் அவர்.

"டாக்டர் வர்றதுக்குள்ள அந்தப் புள்ள ஜொகூர் போயிடும் சார். பெறகு யார் போய்க் கூட்டியாறது?"

மெஷின் அடித்த தாளை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "லேப் சொல்லக் கூடாது. அதுல மாத்தம் இல்ல. ஆனா நீ பேசினத நீ போயி திருத்துனா அது லேப் இல்ல. வெள்ளக் கோட்டக் கழட்டி வச்சிட்டுப் போ. இந்தத் தாள எடுத்துக்கிட்டுப் போகாத, குணசேகரனுக்கே தெரியாம அவரு ரத்தத்து சங்கதி வெளிய போகக் கூடாது. மொதல்ல அவர்கிட்ட கேளு."

குணசேகரனிடம் கேட்டேன். எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். என்னைப் போய் அவன் கும்பிட்டான். நீங்களும் வாங்க என்றேன். வரமாட்டேன் என்றான். தன் முகத்தைப் பார்த்தால் அவள் காது கொடுத்துக் கேட்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு, புலாவ் செபாங் வீட்டுக்கே திரும்பிப் போனான்.

மாலை ஐந்தரைக்கு ஜாசினில் இறங்கினேன். பத்மாவின் அக்காள் வீடு பசார் சந்தைக்குப் பின்னால். அக்காள்தான் கதவைத் திறந்து "பசியாறுங்க மிஸி" என்று தட்டில் குவே பலகாரம் வைத்தாள். கூடத்தில் பைகள் கட்டித் தயாராக இருந்தன. பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பத்மா நின்றுகொண்டே இருந்தாள். நானும் தட்டைத் தொடவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல், தசை, காமா, பத்துமலை என்று அறுபது வார்த்தையில் சொல்ல வேண்டியதை அறுநூறு வார்த்தையில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.  நான் முடித்ததும் பத்மா கேட்டாள்.

"அன்னிக்கு ரத்தம் பொய் சொல்லாதுன்னீங்களே மிஸி?"

"ரத்தம் பொய் சொல்லல பத்மா. நான்தான் தப்பா சொன்னேன். எங்கப்பாவும் குடிச்சுதான் செத்தாரு. உம் புருசனப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அவரு ஞாபகந்தான். அந்த ஆத்திரத்துல படிச்சேன்."

"நம்பறதுக்குன்னு இந்த ஒரு கடுதாசியத்தான் வச்சிருந்தேன். சாமியும் போச்சு, சத்தியமும் போச்சு, இது ஒண்ணாச்சும் இருக்குன்னு. இப்ப நீங்க வந்து இதுவும் இப்படித்தான், அப்படியும் இருக்கலாம் இப்படியும் இருக்கலாம்னு சொல்றீங்க. நாளைக்கு அவரு மெய்யாவே குடிச்சாலும் எனக்கு எப்படித் தெரியும்?"

  "தெரியாது" என்றேன். "அஞ்சு மாசம் குடிக்கலங்கறது மட்டும் எனக்குத் தெரியும். அத உங்கிட்ட தெளிவா சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். போறதும் இருக்கறதும் உன் இஷ்டம்."

அக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பத்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். தொலைக்காட்சியில் மலாய்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"முதுகுல எத்தன கொக்கி?" என்றாள் பத்மா.

"எண்ணல. ரெண்டு வரிசை இருக்கு. நடுவுல ஒண்ணு ஆறல, சீழ் புடிச்சிருக்கு. அதனாலதான் சட்டையில கறை தெரிஞ்சுது."

"நடுவுலயா?"

"ஆமா. நடு முதுகுல."

அவள் தன் வலக்கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோனாள். எட்டவில்லை. இடுப்புப் பக்கமாகக் கீழிருந்து மடக்கிப் பார்த்தாள். அப்போதும் எட்டவில்லை. கையைக் கீழே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த எடத்துல அவருக்கு யாரு மிஸி மருந்து போடறா?"

"யாரும் போடல."

பத்மா கீழே உட்கார்ந்தாள். கட்டி வைத்திருந்த பைகளில் பெரியதை இழுத்து, முடிச்சை அவிழ்த்து, பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். அடியிலிருந்து புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்து பாட்டிலும் பஞ்சுச் சுருளும் வந்தன.

"அக்கா," என்றாள் நிமிராமலேயே, "புலாவ் செபாங்குக்கு இனி எத்தன மணிக்கு பஸ் இருக்கு?"